வென்ற படைவீரர்மீது மேல்முறையீடு கூடாது

ராணுவப் பணியின்போது உடல்நலம் கெட்டு, மருத்துவத் தகுதி குறைக்கப்பட்ட நிலையில் வீடு திரும்பும் படைவீரருக்கு வழங்கப்படும் இயலாமை ஓய்வூதியம் அரசு மனமிரங்கித் தரும் சலுகை அன்று. விதிகளின்படி அவருக்குச் சேர வேண்டிய உரிமை. ஆனால் அந்த உரிமை மறுக்கப்படும்போது அதை மீட்பதற்கென்று இந்தியாவில் உள்ள மேல்முறையீட்டு ஏற்பாடோ, உச்ச நீதிமன்றம் 2013-இலேயே தீர்த்துவைத்த கேள்வியை ஒவ்வொரு முன்னாள் படைவீரரும் தனித்தனியே மறுபடி வாதாடி வெல்ல வேண்டிய நிலையில் வைத்திருக்கிறது. அப்படி வென்று வந்தவர்கள்மீதும் ஒன்றிய அரசு அடுத்தடுத்து வழக்குத் தொடுப்பதை எந்த வகையிலும் நியாயப்படுத்த இயலாது.

இந்த ஓய்வூதியம் கிடைக்குமா கிடைக்காதா என்பது, பணியிலிருந்து விடுவிக்கப்படும் முன் ராணுவ மருத்துவர்களைக் கொண்டு கூடும் மருத்துவ வாரியத்தில், அதாவது வீரர்கள் ‘மெடிக்கல் போர்டு’ என்று சொல்லும் அவையில், பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. நோய் பணியால் ஏற்பட்டதா அல்லது வேறு காரணத்தால் தோன்றிப் பணியால் மோசமடைந்ததா என்பதையும், இயலாமை எத்தனை விழுக்காடு என்பதையும் அந்த வாரியம் படிவத்தில் பதிவுசெய்கிறது. இரண்டில் ஒன்றுக்கேனும் ‘ஆம்’ என்ற விடையும் குறைந்தது 20 விழுக்காடு இயலாமையும் இருந்தால்தான் ஓய்வூதியத்துக்கு வழி உண்டு. இரண்டுக்குமே ‘இல்லை’ என்று எழுதப்படுவதை முன்னாள் படைவீரர்கள் ஆங்கிலச் சுருக்கமாக ‘என்ஏஎன்ஏ’ என்பார்கள். அந்தக் கட்டத்துக்கு எதிரே காரணம் எழுத வேண்டிய இடத்தில் பல படிவங்களில் காணப்படுவது ஒற்றை வரி மட்டுமே: ‘உடல்வாகு சார்ந்த நோய்’ அல்லது ‘அமைதிப் பகுதியில் பணியாற்றியபோது தொடங்கியது’. எல்லையில் இல்லாத பாசறையிலும் குடும்பத்தைப் பிரிந்த வாழ்க்கை, ஒழுங்கற்ற உறக்கம், இடைவிடாத கட்டுப்பாடு ஆகியவை இருக்கும் என்பதை அந்த ஒற்றை வரி கணக்கில் கொள்வதே இல்லை.

மறுப்பு ஆணை கிடைத்த வீரர் முதல் மேல்முறையீட்டுக் குழுவை நாட வேண்டும். அதுவும் மறுத்தால் இரண்டாம் மேல்முறையீட்டுக் குழுவை நாட வேண்டும். இரண்டுமே மறுக்கும் துறையின் உள்ளேயே இயங்கும் குழுக்கள் என்பதுடன், அவை வீரரை நேரில் பார்க்காமல் கோப்புகளைக் கொண்டே முடிவெடுப்பவை என்பதால், மருத்துவ வாரியம் எழுதிய ஒற்றை வரி அங்கும் பெரும்பாலும் கேள்விக்கு உள்ளாவதில்லை. அதன் பிறகுதான், 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்து 2009-இல் செயல்படத் தொடங்கிய ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தின் கதவு திறக்கிறது. நீதித்துறை உறுப்பினர் ஒருவரும், படையில் உயர் பதவி வகித்த நிர்வாக உறுப்பினர் ஒருவரும் அமரும் அந்த அமர்வில்தான் வீரரின் தரப்பு முதன்முறையாக நேரில் கேட்கப்படுகிறது. சென்னையிலும் அதன் கிளை உள்ளது. வேலூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றுக்குத் திரும்பிய ஹவில்தார் அந்தக் கிளைக்கு வந்து சேர்வதற்குள் ஆண்டுகள் ஓடிவிடுகின்றன.

இத்தனைக்கும் சட்டம் தெளிவாக இருக்கிறது. தரம்வீர் சிங் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம், 1982-ஆம் ஆண்டு உரிமை விதிகளை வரிவரியாக ஆராய்ந்து, பணியில் சேரும்போது மருத்துவப் பரிசோதனையில் நோய் எதுவும் குறிக்கப்படாத வீரர் நல்ல உடல்நலத்துடன் சேர்ந்ததாகவே கொள்ளப்பட வேண்டும் என்றும், பின்னர் தோன்றிய நோய் பணியால் வந்ததாகவே கருதப்பட வேண்டும் என்றும், அப்படி அன்று என்று சொல்ல விரும்பும் மருத்துவ வாரியமே அதற்குக் காரணம் காட்ட வேண்டும் என்றும், ஐயம் எழுந்தால் அதன் பலன் வீரருக்கே சேர வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. 2015-இல் ராஜ்பீர் சிங் வழக்கிலும் இதே நிலைப்பாடு உறுதிசெய்யப்பட்டது. நோய் வெளிப்பட்டது பணிக்காலத்தில் என்பது மட்டுமே போதாது என்று 2008-ஆம் ஆண்டு விதிகள் சொல்வதைக் காட்டி, நிலைமை மாறிவிட்டதாக அரசுத் தரப்பு வாதிட்டது. அந்த விதிகளும் காரணம் காட்டும் கடமையிலிருந்து மருத்துவ வாரியத்தை விடுவிக்கவில்லை என்று கூறி, 2025 ஜூலையில் தில்லி உயர் நீதிமன்றம் அரசின் ஏறத்தாழ 300 மனுக்களை ஒரே தீர்ப்பில் தள்ளுபடி செய்தது. 300 வீரர்கள் தீர்ப்பாயத்தில் வென்ற பிறகும், அந்த வெற்றியைக் காப்பாற்றிக்கொள்ள மீண்டும் வழக்கறிஞர் வைக்க வேண்டியிருந்தது என்பதே இந்த எண்ணிக்கையின் பொருள்.

வழக்கின் மையத்தில் இருக்கும் தொகையையும் பார்க்க வேண்டும். 100 விழுக்காடு இயலாமைக்குரிய கூறு கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடு. இயலாமை குறைந்தால் அதுவும் அதே விகிதத்தில் குறையும். கடைசி ஊதியம் 40,000 ரூபாயாக இருந்து, இயலாமை 30 விழுக்காடாக மதிப்பிடப்பட்டால் மாதம் 3,600 ரூபாய். 50-க்குக் குறைந்ததை 50-ஆக உயர்த்திக் கணக்கிடும் முறை, 2014-இல் ராம் அவதார் வழக்கின் தீர்ப்புக்குப் பின், பணிக்காலம் முடிந்து ஓய்வுபெற்றவருக்கும் பொருந்துவதால் அது 6,000 ரூபாயாகும். அகவிலைப்படியைத் தனியே சேர்த்தாலும், இந்த அளவு பணத்தை ஒரு சிப்பாய்க்குத் தராமலிருக்க உயர் நீதிமன்றம் வரை அரசு செல்வது பொதுப்பணத்தைக் காக்கும் செயல் ஆகாது.

தீர்ப்பாயச் சட்டமே, அதன் தீர்ப்பை எதிர்த்து உச்ச நீதிமன்றம் செல்ல, பொது முக்கியத்துவம் வாய்ந்த சட்டக் கேள்வி இருக்க வேண்டும் என்று வரம்பிட்டிருக்கிறது. 2023-இல் பர்ஷோத்தம் தாஸ் வழக்கில், தீர்ப்பாய முடிவுகளை உயர் நீதிமன்றங்கள் ஆராயும் அதிகாரம் பறிபோகவில்லை என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. தோற்ற வீரருக்கு அது உண்மையான நிவாரணம். அதை வரவேற்கவே வேண்டும். ஆனால் அதே வழியை அரசு மொத்தமாகப் பயன்படுத்தத் தொடங்கியதால், சட்டம் விதித்த வரம்பு நடைமுறையில் பயனற்றுப் போனது.

அமெரிக்காவில் நிலை வேறு. அங்கு முன்னாள் படைவீரர் மேல்முறையீட்டு வாரியம் வீரருக்குச் சாதகமாக முடிவெடுத்தால், அதை எதிர்த்து, 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தனி நீதிமன்றத்துக்குத் துறைச் செயலர் செல்லக் கூடாது என்று சட்டமே தடுத்திருக்கிறது. வீரர் மட்டுமே செல்லலாம். இரு பக்கச் சான்றுகளும் ஏறத்தாழச் சமமாக இருந்தால் முடிவு வீரர் பக்கமே சாய வேண்டும் என்பதும் அங்கே சட்டம். அந்நாட்டிலும் தாமதம் பெரிய குறையாகவே இருந்துவருகிறது, எனினும் வென்றவரை அரசு துரத்துவதில்லை.

இயலாமை ஓய்வூதியம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது, ஓய்வுபெறும் காலத்தில் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரை நோயையும் காட்டிக் கூடுதல் வருமானம் பெற முயல்வோர் இருக்கிறார்கள் என்ற வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. பொய்யான கோரிக்கை உண்மையாகவே காயப்பட்டவரையும் ஐயத்துக்கு உள்ளாக்குகிறது. ஆனால் அதைத் தடுக்க வேண்டிய இடம் மருத்துவ வாரியம். வீரரின் பணியிடங்கள், ஆண்டுதோறும் நடந்த பரிசோதனைப் பதிவுகள், நோய் முதலில் தெரிந்த காலம் ஆகியவற்றை வைத்து அரைப் பக்கம் காரணம் எழுதும் வாரியம், தகுதியற்றவரை நிறுத்தவும் முடியும், நீதிமன்றத்தில் தன் முடிவைக் காக்கவும் முடியும். ஒற்றை வரியில் எல்லோரையும் மறுக்கும் வாரியத்தால் இரண்டுமே இயலாது.

2015-இல் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் அமைத்த நிபுணர் குழு இத்தகைய வழக்குகளைக் குறைக்கப் பரிந்துரைத்தது. அதற்குப் பத்தாண்டுகள் கழித்தும் மனுக்கள் நூற்றுக்கணக்கில் குவிந்திருக்கின்றன. ஆகவே பாதுகாப்பு அமைச்சகம் இனிப் பரிந்துரைகளுக்காகக் காத்திராமல், காரணம் எழுதப்படாத மருத்துவ வாரிய முடிவைச் செல்லாததாக அறிவிக்க வேண்டும். மேல்முறையீட்டுக் குழுக்களில் படைக்கு வெளியிலுள்ள மருத்துவர் ஒருவரையும் சட்டம் அறிந்த ஒருவரையும் சேர்த்து, வீரர் விரும்பினால் அவரைக் காணொலியிலேனும் கேட்க வேண்டும். தீர்ப்பாயம் வீரருக்கு அளிக்கும் இயலாமை ஓய்வூதியத்தின்மீது, புதிய சட்டக் கேள்வி எழும் அரிய வழக்குகள் தவிர, அரசு மேல்முறையீடு செய்யாது என்று ஆணை பிறப்பிக்க வேண்டும். அதற்கு முதல்படியாக, பல்வேறு உயர் நீதிமன்றங்களில் நிலுவையில் உள்ள இத்தகைய மனுக்களைத் திரும்பப் பெற்று, நிலுவைத் தொகையை வட்டியுடன் வழங்க வேண்டும்.