காத்திருக்க வசதி உள்ளவர்களுக்குத்தான் அரசு வேலையா?

“டாக்டருக்குப் படிச்சு முடிச்சாச்சு, இனி என்ன கவலை?” என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்ஆர்பி) 2,553 உதவி மருத்துவர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டது 2024 மார்ச்சில். தேர்வு நடந்தது 2025 ஜனவரி 5. பணி நியமன ஆணை பிப்ரவரி இறுதியில் வந்தது. ஏறத்தாழ ஒரு வருடம்! ஒன்றிய அரசின் முதுநிலை நீட் தேர்வின் லட்சணம் இன்னும் மோசம். 2024 ஜூன் 23 நடக்க வேண்டிய தேர்வை முந்தைய நாள் இரவு தள்ளிவைத்து, ஆகஸ்ட் 11இல் நடத்தினார்கள்.

இந்த ஒரு வருடம் சோறு போடுவது யார்? அப்பாவுக்கு நர்சிங் ஹோம் இருந்தால் அது படிப்பு விடுமுறை. கோச்சிங்கில் சேர்ந்து இரண்டு தேர்வுக்கும் ஒன்றாகத் தயாராகலாம். பீடி சுற்றியும் கூலிக்குப் போயும் படிக்க வைத்த வீட்டுப் பிள்ளைக்கோ, அது கடன்காரர் வாசலுக்கு வரும் வருடம். விண்ணப்பக் கட்டணத்தில் சலுகை உண்டுதான். காத்திருப்பதற்கு ஏது சலுகை?

தென்காசியைப் பாருங்கள். 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தபோது அந்தப் பட்டியலில் தென்காசி இல்லை. வெளியூரில் ஹவுஸ் சர்ஜன் முடித்துத் திரும்புகிறவருக்கு இங்கே கண்ணில் படுவது மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் ஒப்பந்தப் பணி. ஒன்றோ இரண்டோ இடம், பதினொரு மாதம், தொகுப்பூதியம். நிரந்தரம் கேட்க மாட்டேன் என்று முதலிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். இனசுழற்சியில் 200 இடத்துக்குப் பழங்குடியினரின் முறை இரண்டுதான். ஒன்றிரண்டாக ஆள் எடுத்தால் மலையடிவாரப் பளியர் வீட்டுப் பிள்ளையின் முறை என்றைக்கு வரும்?

இதோடு முடியவில்லை. அரசு மருத்துவர்களுக்கு முதுநிலையில் உள் ஒதுக்கீடு தரும் உரிமை மாநிலத்துக்கு உண்டு என்று 2020 ஆகஸ்ட் 31இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. போராடிப் பெற்ற அந்த 50 சதவீதம் நிரந்தரப் பணியில் இருப்பவர்களுக்குத்தான். ஒப்பந்த மருத்துவர் அதே புறநோயாளிகளைப் பார்த்தாலும் அவருக்குக் கிடையாது. ஆக, எம்ஆர்பி தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் எம்டி கனவையும் சேர்த்துத் தள்ளிப்போடுகிறது.

தனியாருக்குப் போகலாமே என்பார்கள். சாரல் விழுந்து குற்றாலத்தில் கூட்டம் சேர்ந்தால் சுற்றுவட்டார மருத்துவமனைகளில் இரவு டியூட்டிக்கு ஆள் தேடுவார்கள். விளம்பரம், தேர்வு, இடஒதுக்கீடு எதுவும் கிடையாது. வாட்ஸ்அப்பில் ஒரு வரி, தெரிந்தவர் மூலமாக ஒரு போன். நண்பர் ஒருவரிடம் முதலில் கேட்டது எந்தக் கல்லூரி என்றல்ல. “எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு?” தெருப் பேரைச் சொன்னதும், “சரி, சொல்லி விடுதோம்.” சொல்லி விடவே இல்லை. இந்த ‘ஓப்பன் மார்க்கெட்’டைத்தான் தகுதி, திறமை என்று நமக்குப் பாடம் எடுக்கிறார்கள்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் 2020 நவம்பர் கலந்தாய்வில் இடம் பிடித்த முதல் அணி, ஹவுஸ் சர்ஜன் முடித்து வெளியே வரும் காலம் இது. முந்நூறுக்கும் மேற்பட்டோர். அவர்கள் உள்ளே போனபோது போட்டோ எடுத்துக்கொண்டவர்கள் வெளியே வரும்போது எங்கே போனார்கள்?

வழக்குகளால் தாமதம் என்று சமாளிக்க வேண்டாம். எத்தனை பேர் எந்த மாதம் பயிற்சி முடிப்பார்கள் என்பது ஐந்து வருடம் முன்பே தெரியும். யார் எப்போது ஓய்வு பெறுவார்கள் என்பது பணிப் பதிவேட்டில் இருக்கிறது. பிறகென்ன கஷ்டம்? பயிற்சி முடியும் மாதத்தை ஒட்டி ஆண்டுதோறும் எம்ஆர்பி தேர்வு நடத்து. ஆணை வரும் தேதியை அறிவிப்பிலேயே போடு. ஒப்பந்த இடங்களை நிரந்தரக் கணக்கில் சேர்த்து முழு இனசுழற்சியோடு நிரப்பு. அதுவரை ஒப்பந்தத்தில் உழைத்த காலத்தை முதுநிலை உள் ஒதுக்கீட்டுக்குக் கணக்கில் எடு.