ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் வித்தியாசம் தெரியாத உபதேசம்

காரின் முன்பக்க சஸ்பென்ஷனில் தேய்ந்த பாகங்களை வீட்டு வாசலிலேயே மாற்றிக்கொள்கிறவர்கள் தங்கள் உயிரோடும் ஊரார் உயிரோடும் விளையாடுகிறார்கள் என்று சென்ற இதழில் ஒருவர் தீர்ப்பெழுதியிருக்கிறார். நீண்ட கட்டுரைதான். ஆனால் லோயர் ஆர்ம் என்ன வேலை செய்கிறது, பால் ஜாயின்ட் எங்கே இருக்கிறது, புஷ் கிழிந்தால் வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கெல்லாம் அதில் இடமில்லை. விபத்து, மரணம், பொறுப்பின்மை என்ற சொற்களுக்கு மட்டும் பஞ்சமில்லை. பயமுறுத்துகிறவருக்கு, தான் எதைக் காட்டிப் பயமுறுத்துகிறோம் என்றாவது தெரிந்திருக்க வேண்டாமா?

அவருடைய தலையாய வாதத்தையே எடுத்துக்கொள்வோம். லோயர் ஆர்மைக் கழற்றினால், அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் தெறித்து வந்து ஆளை அடித்துவிடுமாம். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் இதைவிட அழகாக முடிச்சுப் போட முடியாது. ஆல்டோ, ஸ்விஃப்ட், சான்ட்ரோ, ஐ10 என்று நம் தெருக்களில் நிற்கும் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940களில் வடிவமைத்தது; 1950இல் இங்கிலாந்து ஃபோர்டின் கான்சல், செஃபிர் கார்களில் வந்து, பிறகு உலகம் முழுக்கப் பரவியது. இந்த அமைப்பில் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பரின் உடம்பிலேயே இருக்கும் கீழ்த்தட்டுக்கும் உச்சியில் இருக்கும் மவுண்டுக்கும் நடுவே அடைபட்டுக் கிடக்கிறது. வண்டியின் எடை ஸ்ட்ரட் வழியாகச் சக்கரத்துக்கு இறங்குகிறது. லோயர் ஆர்ம், சக்கரத்தின் அடிப்பகுதி முன்பின் நகராமல், உள்ளே வெளியே போகாமல் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். முன் சக்கரங்கள் இரண்டையும் தூக்கி நிறுத்திவிட்டால், இரு பக்கத்தையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பாரிலும் முறுக்கு இருக்காது. அந்த நிலையில் ஆர்மைக் கழற்றினால் ஸ்பிரிங் அப்படியே இருக்கும்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பானெட்டைத் திறந்தால் இரண்டு பக்கமும் ஸ்ட்ரட்டின் தலை தெரியும். பல கார்களில் அதைச் சுற்றி இரண்டு மூன்று சின்ன நட்டுகள், நடுவில் ஒரு பெரிய நட்டு. சுற்றியுள்ளவை ஸ்ட்ரட்டை பாடியோடு பிடிப்பவை. நடு நட்டு ஷாக்கின் ராடைப் பிடிப்பது. ஸ்பிரிங்கை அடைத்து வைத்திருப்பது அந்த ஒற்றை நட்டுதான். ஸ்பிரிங் கம்ப்ரஸர் போட்டு அழுத்தாமல் அதைக் கழற்றுகிறவர் கைக்கும் முகத்துக்கும் யாரும் உத்தரவாதம் தர முடியாது. வீட்டில் செய்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஸ்ட்ரட்டை முழுசாகக் கழற்றி எடுத்துக்கொண்டு போய், ஸ்பிரிங் பிரிக்கும் வேலையை மட்டும் கம்ப்ரஸர் உள்ள கடையில் கொடுத்துவிடுங்கள். இந்த நடு நட்டைப் பற்றி நம் கட்டுரையாளர் ஒரு வார்த்தை எழுதவில்லை. ஸ்பிரிங் கம்ப்ரஸர் என்ற பெயரே கட்டுரையில் இல்லை. அபாயம் இல்லாத இடத்தில் மண்டை ஓடு வரைந்துவிட்டு, அபாயம் இருக்கும் இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டியிருக்கிறார்.

லோயர் ஆர்மின் மேலேயே ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும் வண்டிகளும் உண்டு. அவற்றில் பால் ஜாயின்டைப் பிரிப்பது ஆபத்துதான். அப்படியானால் 'உங்கள் வண்டி எந்த வகை என்று முதலில் பாருங்கள்' என்று எழுதியிருக்கலாம். அதற்கு இரண்டு வகையும் தெரிந்திருக்க வேண்டும்.

ஜாக்கி நழுவி வண்டி மேலே விழும் என்பது அடுத்த வாதம். விழும்தான். டிக்கியில் கொடுக்கும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கு. அதை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலையைக் கொடுப்பது மடத்தனம். அதற்குத்தான் ஜாக் ஸ்டாண்டு என்று ஒன்று விற்கிறார்கள். சமமான கெட்டித் தரை, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, இரண்டு பக்கமும் ஸ்டாண்டு, கழற்றிய சக்கரத்தைப் படுக்கவைத்து பாடிக்கு அடியில் தள்ளிவிடுவது: இவ்வளவும் செய்தபிறகுதான் ஸ்பானரையே எடுக்க வேண்டும். கட்டுரையில் ஸ்டாண்டு வரவேயில்லை. அதற்குப் பதிலாக, வண்டியை கியரில் போட்டுவைத்தால் நகராது என்று போகிற போக்கில் ஒரு யோசனை. முன் சக்கரம் இழுக்கும் காரில் முன்பக்கத்தைத் தூக்கியபின் கியர் எதைப் பிடிக்கும்? காற்றையா? பின் சக்கரத்தைப் பிடிக்கும் ஹேண்ட் பிரேக்கும் கட்டையும்தான் அங்கே காவல். கட்டுரை முழுவதிலும் அவர் கொடுத்த ஒரே செய்முறை யோசனை இது; அதைக் கேட்டு நடந்தால்தான் ஆபத்து.

அனுபவமுள்ள ஒர்க்‌ஷாப்பில் செய்தால்தான் வேலை சுத்தமாக இருக்கும் என்கிறார். சுத்தம் என்றால் என்ன என்று பார்ப்போம். லோயர் ஆர்மின் உள்முனையில் இருக்கும் புஷ், ஒரு இரும்புக் குழாய்க்கும் அதற்குள் இருக்கும் இன்னொரு குழாய்க்கும் நடுவே ஒட்டிய ரப்பர். போல்ட்டை முறுக்கியதும் உள்குழாய் அந்த நிலையிலேயே இறுகிவிடும். அதன்பிறகு ஆர்ம் ஏறி இறங்குவதெல்லாம் ரப்பர் முறுகிக் கொடுப்பதால்தான். ஆகவே சக்கரம் தரையில் நிற்கும்போது ஆர்ம் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில் வைத்துத்தான் கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் நான் பார்த்தது வேறு. வண்டி லிஃப்டில் ஏறி நிற்கும். சக்கரங்கள் தொங்கும். ஏர் கன்னை வைத்து டர்ரென்று ஒரே இழுப்பு. டார்க் ரெஞ்ச் சுவரில் அழகாக மாட்டியிருக்கும். வண்டி கீழே இறங்கிய நொடியிலேயே அந்தப் புது ரப்பர் முறுகிய நிலைக்குப் போய்விட்டது. சீக்கிரமே கிழிந்தால் "ரோடு சரியில்ல சார்" என்று பதில் வரும். நல்ல மெக்கானிக் இந்தத் தவறைச் செய்யமாட்டார். அவர் கையைக் கும்பிடலாம். ஆனால் கூரையும் போர்டும் இருந்தாலே வேலை சரியாக இருக்கும் என்பது மூடநம்பிக்கை.

வீட்டில் செய்கிறவருக்கு இருக்கும் ஒரே செல்வம் அவசரமின்மை. பல சின்னக் கார்களில், லோயர் ஆர்மின் வெளிமுனையில் இருக்கும் பால் ஜாயின்டின் தண்டை, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளில் செருகி, குறுக்கே ஒரு போல்ட் போட்டு இறுக்குகிறார்கள். தண்டில் ஒரு பள்ளம் உண்டு. தண்டு முழுதாக ஏறி, பள்ளம் துளைக்கு நேராக வந்தால்தான் போல்ட் உள்ளே போகும். அரைகுறையாக ஏறியிருந்தால் முட்டி நிற்கும். அடுத்த வண்டி காத்திருக்கிற இடத்தில் அந்த போல்ட்டுக்குச் சுத்தியலடி விழும். வாசலில் உட்கார்ந்து செய்கிறவர் ஏன் போகவில்லை என்று குனிந்து பார்ப்பார்.

எப்படியும் வீல் அலைன்மென்டுக்குக் கடைக்குத்தான் போக வேண்டும், பிறகு இதெல்லாம் எதற்கு என்று ஒரு கேள்வி. ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்டு மாற்றினாலும், ஸ்ட்ரட்டை நக்கிளிலிருந்து பிரித்தாலும் அலைன்மென்ட் கட்டாயம். லோயர் ஆர்ம் மாற்றினாலும் பார்த்துவிடுவது நல்லது. ஸ்டெபிலைசர் பாரின் லிங்க் ராடுக்குத் தேவையே இல்லை. பழைய டை ராடு எண்டு எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணி, புதியதை அதே சுற்றுக்கு ஏற்றினால் கடைவரை நிதானமாக ஓட்டிப் போய்விடலாம். பாகத்தை யார் மாற்றினார் என்று அலைன்மென்ட் கடைக்காரர் ஜாதகம் பார்ப்பதில்லை, கோணத்தைத்தான் பார்க்கிறார்.

வாரண்டி போய்விடும், சட்டப்படி தப்பு என்றெல்லாம் மிரட்டுவதற்குச் சுருக்கமான பதில் போதும். புஷ் தேயும் வயதுக்கு வந்த வண்டிக்கு வாரண்டி பெரும்பாலும் எப்போதோ முடிந்திருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுப்பது, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை. தேய்ந்ததை எடுத்துவிட்டு அதே அளவுள்ள புதியதைப் போடுவது அதில் வராது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு ரூ.2,544 கோடி அபராதம் விதித்தது, உதிரி பாகங்களும் பழுதுபார்க்கும் கருவிகளும் வெளிச்சந்தைக்குக் கிடைக்காமல் வைத்திருந்ததற்காக. அபராதம் மேல்முறையீட்டுக்குப் போனது தனிக்கதை. சுயேச்சை ஒர்க்‌ஷாப்புகளைப் பற்றிய வழக்குதான் அது. ஆனால் வெளியாட்கள் கைவைத்தால் பாதுகாப்பு என்னாவது என்று நிறுவனங்கள் அன்று வைத்த வாதமும் நம் கட்டுரையாளரின் வாதமும் ஒரே வார்ப்பு. கட்டுரையாளர் இலவசமாக வக்காலத்து வாங்கியிருக்கிறார் என்பதுதான் வித்தியாசம்.

மெக்கானிக்குகளின் பிழைப்பு கெடும் என்று கடைசியில் கண்ணீர் வேறு. வேலை தெரிந்த வாடிக்கையாளரைக் கண்டு நல்ல மெக்கானிக் பயப்படுவதில்லை. "செட்டாவே மாத்திடலாம் சார்" என்று பில் போடுகிறவருக்குத்தான் பயம். வேகத்தடையில் டக் டக் என்று கேட்டதும் ஸ்ட்ரட் ரெண்டும் போச்சு, ஆர்ம் ரெண்டும் போச்சு, ரேக் எண்டும் போச்சு என்று பட்டியல் நீளும். சக்கரத்தைத் தூக்கி, இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் ஸ்டீயரிங் பக்க மூட்டுகளின் ஆட்டம் தெரியும். ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவே கம்பி கொடுத்து நெம்பினால் பால் ஜாயின்ட் தெரியும். பல சமயம் குற்றவாளி, சில நூறு ரூபாய் லிங்க் ராடாக இருக்கும். இதைத் தானே பார்க்கத் தெரிந்தவர் வேலையைக் கடையில் கொடுத்தாலும் ஏமாறமாட்டார்.

கட்டுரையாளர் பார்க்கத் தவறிய இன்னொன்றும் உண்டு. பயந்தவர் எல்லாரும் நேராக சர்வீஸ் சென்டருக்குப் போய்விடுவதில்லை. பெரும்பாலானவர்கள் தள்ளிப்போடுகிறார்கள். பூட் கிழிந்து, கிரீஸ் வழிந்து, மணல் புகுந்த பால் ஜாயின்ட் ஒருநாள் கழன்றால், முன் சக்கரம் மடங்கிவிடும். ஸ்டீயரிங் கையில் இருக்கும், வண்டி சொன்ன பேச்சைக் கேட்காது. வாசலில் ஸ்டாண்டு போட்டு அதைக் கழற்றிப் பார்த்தவரின் வண்டிக்கு அப்படி ஆக வாய்ப்புக் குறைவு. தொட்டுப் பார்க்கவும் பயந்து, எஸ்டிமேட்டைப் பார்த்தும் பயந்து, டக் டக் சத்தம் கேட்காமலிருக்கப் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் போகிறவர் வண்டிதான் அப்படி மடங்கும். ஊரார் உயிரைப் பற்றிக் கவலைப்படுகிற கட்டுரை, அப்படிப்பட்டவர்களின் எண்ணிக்கையைத்தான் கூட்டிவிட்டிருக்கிறது.