கோட்டைக்கு முன்பே இருந்த மட்டக்களப்பு

பாசிக்குடா விடுதிகளில் வந்து தங்குகிறவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படுவது இதுதான்: இங்கே கடல் பாருங்கள், வரலாறு பார்க்க வேண்டுமென்றால் பொலன்னறுவைக்கோ காலிக்கோ போங்கள். மட்டக்களப்பு நகரைப் பற்றிக் கேட்டால், ஒல்லாந்தர் கட்டிய கோட்டை ஒன்று உண்டு, அதற்கு முன் காடும் மீன்பிடியும்தான் என்று முடித்துவிடுகிறார்கள். வெளியூரார் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் பிள்ளைகளே அதைத் திருப்பிச் சொல்லத் தொடங்கியிருப்பதால் மறுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் கோட்டை. புலியந்தீவில் இரண்டு பக்கம் வாவியும் இரண்டு பக்கம் அகழியுமாக நிற்கும் அதற்கு அடித்தளம் இட்டவர்கள் ஒல்லாந்தர் அல்லர், போர்த்துக்கேயர். 1638 மே 18ஆம் திகதி வெஸ்டர்வோல்ட் தலைமையில் வந்த ஒல்லாந்தர், கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து அதைப் பிடித்தார்கள். திருத்திக் கட்டியது பிறகு. இலங்கையில் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றிய முதற்கோட்டை இதுவே. காலி விழுந்தது 1640இல், கொழும்பு 1656இல். ஐந்து நாள் கழித்து, மே 23ஆம் திகதி, மன்னனும் ஒல்லாந்தரும் ஒப்பந்தம் செய்ததும் இங்கேதான். பிடிபடும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை இருப்பது மன்னன் விரும்பினால் மட்டுமே என்ற நிபந்தனை ஒரு பிரதியில் இருந்தது, மற்றதில் இல்லை. அந்த ஒரு வரியை வைத்து இரு தரப்பும் ஆண்டுக்கணக்கில் சண்டையிட்டன. தீவின் அடுத்த நூற்றைம்பது ஆண்டு அரசியலுக்கு முதல் முடிச்சு விழுந்த ஊரை ஒதுக்குப்புறம் என்று சொல்வது அறியாமை.

கோட்டைக்கு முன் இங்கே ஒன்றும் இல்லை என்பது அதைவிடப் பெரிய பிழை. ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் 1602 மே மாத இறுதியில் மட்டக்களப்புக் கரையில் இறங்கியபோது அந்தக் கோட்டை எழும்பியிருக்கவில்லை. ஆனால் ஆட்சி இருந்தது. உள்ளூர்த் தலைவன் முன்னிலையில், தான் போர்த்துக்கேயன் அல்லன் என்று விளக்கிய பின்புதான் அவருக்குக் கண்டி மன்னன் விமலதர்மசூரியனிடம் போக வழி பிறந்தது. அடுத்த ஆண்டு வந்த செபால்ட் டி வேர்ட், பிடித்த போர்த்துக்கேயரை விடுவித்து மன்னனின் கோபத்தைச் சம்பாதித்தார். தன் ஆட்கள் பலரோடு இதே மண்ணில் வெட்டுண்டு போனார். ஆளில்லாக் காட்டில் இப்படியெல்லாம் நடக்காது.

சட்டமும் இருந்தது. வெள்ளைக்காரன் வந்துதான் ஒழுங்கு வந்தது என்போர், இப்பகுதி முக்குவர் சமூகத்தின் வழமைச் சட்டமான முக்குவர் சட்டத்தைப் படிக்க வேண்டும். அதன்படி சொத்து தாய்வழியில் இறங்கியது. மாமன் சொத்து மருமகனுக்கு, அதாவது சகோதரியின் மகனுக்கு. நீதிமன்றத்தில் வழக்குகள் வந்தபோது ஆங்கிலேயருக்கு இதைப் புரிந்துகொள்ள நூல் தேவைப்பட்டது. கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876இல் அதை வெளியிட்டார். குடி என்னும் தாய்வழிக் குல முறையும் கோயில் உரிமையும் இந்தத் தாய்வழியிலேயே இயங்குகின்றன. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயில் முதல் சிற்றூர்க் கோயில்கள் வரை, இன்ன குடிக்கு இன்ன நாள் திருவிழா என்ற கணக்கை இன்றும் காணலாம். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் மகளுக்குத்தான் வீடு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். திருமணம் பேசும்போதே தாய், இருக்கிற வளவில் ஒரு பகுதியை அளந்து மகளுக்கு விடுகிறாள். ஏட்டில் இருந்து செத்துப்போன வழக்கமல்ல இது.

மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன் சுற்றுலாக்காரர் சோடித்த கதை என்றும் சிலர் சொல்கிறார்கள். பாசிக்குடாவில் விடுதிகள் எழுவதற்கு நூறு ஆண்டுக்கு மேல் முன்பே, 1848இல், பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் வாவியில் படகில் போய் அந்த ஒலியைக் கேட்டுத் தன் நூலில் எழுதிவைத்தார். அது ஊரி என்னும் ஓட்டுயிரின் சத்தம் என்று மீனவர்கள் சொன்னதையும் குறித்தார். எந்த உயிர் ஒலிக்கிறது என்று வாதிடலாம்; ஒலியே இல்லை என்று சொல்ல முடியாது.

கடைசியாக, எழுத்துச் சான்று இல்லையே என்கிறார்கள். பொறுக்கவே முடியாத வாதம் இது. எஃப். எக்ஸ். சி. நடராசா பழைய வரலாற்று நூலான மட்டக்களப்பு மான்மியத்தை 1962இல் பதிப்பித்தார், வி. சீ. கந்தையா மட்டக்களப்புத் தமிழகத்தை 1964இல் தந்தார். மான்மியத்தில் புராணமும் வரலாறும் கலந்தே கிடக்கின்றன, அதைச் சலித்துத்தான் எடுக்க வேண்டும். அதற்காக அதைத் தூக்கி எறிய முடியாது; சலிப்பதுதான் ஆய்வாளரின் வேலை. அச்சுக்கு வெளியே ஏடுகளும் உண்டு. வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்களில் கண்ணகி கதையான வழக்குரை படிக்கப்படுகிறது, திருக்குளிர்த்திச் சடங்கு நடக்கிறது. ஏட்டிலிருந்து வழக்குரையைப் படித்துப் பழகியவர்கள் முதுமையில் இருக்கிறார்கள். உங்கள் ஊர்க் கோயிலிலோ வீட்டிலோ ஏடு இருந்தால் கறையான் அரிக்கும் முன் படம் எடுத்துக் கிழக்குப் பல்கலைக்கழகத்திடம் ஒரு பிரதி கொடுங்கள். படிக்கத் தெரிந்த பெரியவரை உட்கார வைத்து, குரலையும் பதிவு செய்யுங்கள்.