ஆண்மைக் குறைவும் லேகிய வியாபாரமும்

ஆண்களின் அந்தரங்க நோய்களைப் பற்றித் தமிழில் எழுதுவது அநாகரிகம் என்று கருதுவோர் நம்மவரிற் பலர் இருக்கின்றனர். ஆனால், அதே நோய்களைக் காட்டிப் பணம் பறிக்கும் விளம்பரங்களைத் தமிழில் அச்சிடுவதும், பெண்டு பிள்ளைகள் படிக்கும் பத்திரிகையிலே அவற்றிற்கு இடங்கொடுப்பதும் அநாகரிகம் என்று அப்பெரியோர்களில் ஒருவரேனும் வாய்திறந்து சொல்ல நாம் கேட்டதில்லை. நோயைப் பற்றி உண்மை பேசினால் ஆபாசமாம். பொய் பேசினால் அது வர்த்தகமாம்! இந்த விசித்திரமான நீதியை இன்று சற்று விசாரிக்க விரும்புகின்றோம்.

பாடாங் மேஹா, பாடாங் செராய், லூனாஸ், கூலிம் முதலிய இடங்களில் வாழும் நம்மவர் இவ்வியாபாரத்தை அறியாதவரல்லர். தமிழ்நாட்டிலிருந்து வந்ததென்று சொல்லப்படும் லேகியம் ஒருபுறம். தொங்காட் அலி வேரைச் சேர்த்ததென்று விற்கப்படும் காப்பித்தூள் மற்றொருபுறம். கைப்பேசியில் வந்து விழும் இரகசிய மருந்துச் செய்திகள் இன்னொருபுறம். 2025 பிப்ரவரி முதல் இந்நாட்டில் சட்டம் விதித்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். செம்பனைக் குலை வெட்டிச் சுமந்து அச்சம்பளத்தைப் பெறும் ஒரு தொழிலாளி, மனைவிக்கும் தெரியாமல் அதிலொரு பங்கை எடுத்து ஒரு டப்பா லேகியத்தில் போடுகின்றான். குணமில்லை. மருந்தின் மேல் சந்தேகப்படுகின்றானா? இல்லை, தன் மேல் சந்தேகப்படுகின்றான். இரண்டாவது டப்பா வாங்குகின்றான். வெட்கத்தை முதலாக வைத்து நடக்கும் வியாபாரத்தில் நஷ்டமடைந்தவன் புகார் செய்யமாட்டான் என்பது வியாபாரிக்கு நன்றாகத் தெரியும்.

இவ்வியாபாரத்தின் அஸ்திவாரம் ஒரு பழைய மூடநம்பிக்கை. இத்தனை துளி இரத்தம் சேர்ந்தே ஒரு துளி இந்திரியம் உண்டாகிறதென்றும், அது கழிந்தால் உயிரே கழிந்துபோகுமென்றும் நமது இளைஞர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கின்றார்கள். உண்மை யாதெனின், விந்துநீரின் பெரும்பகுதி விந்துப்பைகளிலும் புராஸ்டேட் சுரப்பியிலும் ஊறும் நீரேயாகும். உமிழ்நீர் ஊறுவது போல அதுவும் மீண்டும் மீண்டும் ஊறிக்கொண்டேயிருப்பது. உறக்கத்தில் அது வெளிப்படுவது நோயன்று. இந்த வீண் பயத்தினாலேயே சோர்வும், மனத்தளர்ச்சியும், இயலாமையும் உண்டாவதைக் கண்டு, இந்திய மனநோய் வைத்தியர் என். என். விக் 1960-இல் அதற்குத் தாது நோய் என்று பெயரிட்டார். பயமே நோயாக இருக்கையில், பயத்தை வளர்ப்பவனே மருந்தும் விற்பானாயின் அதை வைத்தியம் என்று சொல்வதெப்படி?

இதைத் தடுக்கச் சட்டமில்லையோ என்று கேட்கலாம். இந்தியாவில் 1954-ஆம் ஆண்டிலும், இந்நாட்டில் 1956-ஆம் ஆண்டிலும் செய்யப்பட்ட மருந்து விளம்பரச் சட்டங்கள், ஆண்மைக் குறைவைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதை வெளிப்படையாகத் தடுக்கின்றன. சட்டம் பிறந்து எழுபதாண்டு ஆகின்றது. விளம்பரமோ இன்னும் இளமையுடன் உலாவுகின்றது.

பணம் போவதோடு தீமை முடிந்தால் ஒருவாறு சகிக்கலாம். மூலிகை என்று விற்ற காப்பித்தூளிலும் மாத்திரையிலும், டாக்டரின் சீட்டின்றி விற்கக்கூடாத சில்டெனாபில், தடாலாபில் என்னும் இரசாயனங்கள் இரகசியமாகக் கலக்கப்பட்டிருந்ததை நமது சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்துத் தடைசெய்திருக்கின்றது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் வகை மருந்து உட்கொள்ளும் ஒருவர், அறியாமல் இவற்றையும் உட்கொண்டால் இரத்த அழுத்தம் சடுதியில் வீழ்ந்து உயிருக்கே மோசம் வரலாம். பதிவு பெற்ற மருந்துப் பெட்டியின் மேல் ‘மால்’ என்று தொடங்கும் பதிவெண் இருக்கும். அதுவுமில்லாத டப்பாவை வாங்குவோர் எதை விழுங்குகின்றார்கள்?

சித்த வைத்தியத்தையே நாம் பழிக்கின்றோம் என்று சிலர் கூக்குரலிடக்கூடும். அப்படியன்று. பாரம்பரிய வைத்தியரைப் பதிவுசெய்யவும் ஒழுங்குபடுத்தவும் 2016-இல் இந்நாட்டில் சட்டம் செய்யப்பட்டது. அச்சட்டத்திற்கு உட்பட்டு, நோயாளியை நேரில் கண்டு விசாரிப்பவர் வேறு. முகவரியின்றிக் கைப்பேசி எண்ணை மட்டும் காட்டி மருந்து விற்பவர் வேறு.

இனி, இந்நோயின் உண்மையான காரணங்களைப் பார்ப்போம். முதற்காரணம் பெரும்பாலும் இரத்தக் குழாய்களிலும் நரம்புகளிலும் இருக்கின்றது. 2019-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டில் வயதுவந்தோரில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிலோ நூற்றுக்கு 31.4 பேருக்கு இருந்தது. நீரிழிவும், உயர்ந்த இரத்த அழுத்தமும், புகையிலையும், சம்சுவும் சேர்ந்து சிறு இரத்தக் குழாய்களைக் கெடுக்கும்போது, அக்கேடு சிலருக்கு மாரடைப்பாக வெளிப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே விறைப்புக் குறைவாக வெளிப்படுகின்றது. இதயம் அனுப்பும் எச்சரிக்கையை லேகியத்தால் மூடிவைப்பவன் தன் உயிரோடு விளையாடுகின்றான்.

மற்றொரு காரணத்தைப் பற்றி நம்மவர் கேள்விப்பட்டதே இல்லை. இடுப்பின் முன்னெலும்பிலிருந்து பின்னால் வாலெலும்பு வரை, ஒரு தொட்டிலைப் போல விரிந்து, சிறுநீர்ப்பையையும் குடலையும் தாங்கி நிற்கும் தசைகள் உண்டு. இவற்றை இடுப்படித் தசைகள் என்று சொல்லலாம். இவற்றில் சில ஆண்குறியின் வேரைச் சூழ்ந்து, உள்ளே வந்த இரத்தம் விரைவில் வெளியேறாதபடி அழுத்தி, விறைப்புக்கு உறுதி தருகின்றன. விந்தை வெளிப்படுத்துவதும் இவற்றின் வேலையே. காலும் கையும் தளர்ந்தால் பயிற்சி செய்விக்கிறோம். இத்தசை தளர்ந்தால் மட்டும் லேகியம் தேடுகின்றோம்!

அமெரிக்க டாக்டர் ஆர்னால்டு கீகல், பிள்ளைப்பேற்றிற்குப்பின் சிறுநீர் ஒழுகும் பெண்களுக்கு இத்தசைப் பயிற்சியை வகுத்து 1948-இல் வெளியிட்டார். பின்னர் அது புராஸ்டேட் அறுவை செய்துகொண்ட ஆண்களுக்கும் கற்பிக்கப்பட்டது. 2005-இல் இங்கிலாந்தில் கிரேஸ் டோரி என்னும் பெண்மணியாரும் அவரைச் சேர்ந்தோரும் விறைப்புக் குறைவுள்ள 55 ஆண்களை ஆராய்ந்து வெளியிட்டனர். முறையாகப் பயின்று ஆறு மாதம் சென்றபின் நூற்றுக்கு 40 பேர் இயல்பான நிலையை மீண்டும் பெற்றனர். ஏறத்தாழ 35 பேர் ஓரளவு தேறினர். நால்வரில் ஒருவருக்குப் பயனில்லை. 2014-இல் இத்தாலியில், விந்து முந்துதலால் வருந்திய 40 பேருக்கு 12 வாரம் பயிற்சி அளித்ததில் 33 பேர் அடக்கும் ஆற்றலைப் பெற்றனர். இவை சிறிய ஆராய்ச்சிகளே. பின்னதில் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு கூட்டமும் இல்லை. ஆயினும், தோல்வியுற்றோரையும் கணக்கிட்டுச் சொல்லும் லேகிய விளம்பரம் ஒன்றை எவரேனும் நமக்குக் காட்டமுடியுமா?

ஆனால், உடனே எல்லோரும் தசையை இறுக்கத் தொடங்குங்கள் என்று நாம் சொல்லவில்லை. அதுவும் இன்னொரு லேகியமே ஆகும். சிலருக்கு இத்தசை தளர்ந்திருப்பதில்லை. கவலையினாலும் வேறு காரணங்களாலும் ஓயாமல் இறுகிக் கிடக்கின்றது. அடிவயிற்று வலி, சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், விந்து வெளிப்படும்போது வலி ஆகியவை அதனால் வரலாம். இவர்கள் மேலும் இறுக்கினால் நோய் முற்றும். இவர்களுக்கு வேண்டுவது தளர்த்தும் சிகிச்சை. 2009-இல் அமெரிக்காவில் இத்தகைய வலியுள்ள 47 ஆண் பெண்களுக்கு அளித்த சிகிச்சையில், இத்தசைகளைக் குறித்துச் செய்த சிகிச்சை நூற்றுக்கு 57 பேருக்கும், பொதுவான உடற்பிடிப்பு 21 பேருக்கும் நன்மை செய்ததாகக் கண்டனர். எவருக்கு இறுக்கம், எவருக்குத் தளர்ச்சி என்பதைச் சோதித்தறிவது உடலியக்கப் பயிற்சியாளரின் வேலை. புத்தகத்தையோ படத்தையோ பார்த்துத் தானே முடிவு செய்யலாகாது.

இதைக் கேட்டவுடன், இது நம் யோகிகள் அறிந்த மூலபந்தம்தானே என்று மார்தட்டுவோர் வருவார்கள். ஹடயோக நூல்களில் அப்பெயர் உண்டு, மறுக்கவில்லை. ஆனால், அதைச் சோதித்து, எந்த நோய்க்கு எவ்வளவு பயன் என்று அளந்து, ஏழைக்கும் எட்டும்படி செய்தவர் யார்? பெயரை நாம் வைத்துக்கொண்டு வேலையைப் பிறருக்கு விட்டுவிட்டோம். ஏட்டிலிருக்கும் பெருமையால் ஒரு நோயாளியும் தேறமாட்டான்.

இது பணக்காரர் வைத்தியம் என்பது மற்றொரு சாக்கு. சர்க்கார் சுகாதார நிலையத்தில் குடிமக்கள் செலுத்துவது 1 ரிங்கிட். அங்கிருந்து கடிதம் பெற்றுப் பெரிய மருத்துவமனையில் நிபுணரைக் காண 5 ரிங்கிட். கூலிமிலும் சுங்கைப் பட்டாணியிலும் சர்க்கார் மருத்துவமனைகள் இருக்கின்றன. இத்தசைச் சிகிச்சையில் தனிப்பயிற்சி பெற்றோர் எல்லா இடத்திலும் இல்லை என்பது உண்மை. கேட்பார் இல்லாத இடத்தில் கொடுப்பார் எங்ஙனம் தோன்றுவர்? நீரிழிவுக்கு மருந்து வாங்க மாதந்தோறும் வரிசையில் நிற்கும் நம் ஆண்கள், டாக்டரிடம் இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் விழுங்கிவிட்டு வருகின்றனர்.

யாவற்றிலும் கொடியது வேறொன்று. இயலாதவன் ஆண், மலடி என்ற பட்டமோ பெண்ணுக்கு. கோயிலுக்கு நேர்ந்து கொள்பவள் அவள். மாமியாரின் சொல்லைத் தாங்குபவள் அவள். சில வீடுகளில் கணவனின் வெட்கம் குடியாக மாறி, குடி அடியாக மாறும்போது அதைத் தாங்குபவளும் அவளே. தன் உடம்பிலுள்ள ஒரு தசையைப் பற்றி வாய்திறக்க அஞ்சுபவன், மனைவியை அடிப்பதற்கு மாத்திரம் அஞ்சாததுதான் ஆண்மையோ? ஆண்மை என்ற சொல்லுக்கு வீரம் என்று பொருள் சொல்லுவோர், அவ்வீரத்தில் கொஞ்சத்தைச் சுகாதார நிலையத்தின் வாசலிலே காட்டட்டும்.

ஆகவே, நாம் வேண்டுவன இவை. தமிழ்ப் பத்திரிகைகள் இவ்விளம்பரங்களை, எவ்வளவு வருமானம் வரினும், மறுக்கவேண்டும். தோட்டத்துத் தொழிற்சங்கத்தாரும், வாலிபர் சங்கத்தாரும், கோயில் நிர்வாகிகளும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒரு டாக்டரையும் உடலியக்கப் பயிற்சியாளரையும் அழைத்து, தமிழிலே, ஆண்களுக்கும் பெண்களுக்கும் இவ்விஷயத்தை விளக்கச் செய்யவேண்டும். திருவிழாவில் ஒரு நாள் பட்டாசுச் செலவைக் குறைத்தால் அதற்குப் போதும். நோயுற்றோர் முதலில் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்துக்கொண்டு, மனைவியையும் உடன் அழைத்துச் சென்று டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும். பதிவெண்ணில்லாத மருந்து கையில் இருப்பின், அதைத் தின்னாமல் சுகாதார இலாகாவின் மருந்தமலாக்கப் பிரிவில் கொடுத்துப் புகார் செய்யவேண்டும். இவற்றில் ஒன்றையேனும் இவ்வாரமே தொடங்குமாறு நமது வாசகர்களைக் கேட்டுக்கொள்ளுகின்றோம்.