கணக்குப் புத்தகமே முதற் சேமிப்பு

மொனராகலையில் சோள அறுவடை முடிந்தால் கடையில் காசு புரளும். அதையெல்லாம் இலாபமென எண்ணிச் செலவழிப்போர் நம்மில் பலர். மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய பணமும் அந்தக் கல்லாப்பெட்டியில்தான் இருக்கிறது.

வருமான வரி விற்பனைத் தொகைக்கல்ல, செலவு கழித்த இலாபத்துக்கே. 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரை வரியில்லை. இலாபம் 20 இலட்சமானால், மிகுதி 2 இலட்சத்துக்கு 6 சதவீதம். அதாவது 12,000 ரூபா. வரி இலக்கம் எடுத்தாலே வரி கட்ட நேரும் என்ற அச்சம் வீண். ஆனால், கணக்கு எழுதாதவர் தன் செலவை எப்படி நிரூபிப்பார்?

வீட்டுக்கு மாதாந்தம் ஒரு தொகையைச் சம்பளமாக எடுங்கள். மிகுதியைத் தனிக் கணக்கில் சேமியுங்கள். ஸகாத்தைச் சரியாகக் கணிக்கவும் அதே புத்தகம்தான் உதவும்.