பழைய முறைமையும் புதிய பலகையும்

தறி மாறினும் மருதமுனைச் சேலையின் கோலம் மாறுவதில்லை என்பதை நாம் அறிவோம். பழங்கணினிக்கும் இஃது ஒக்கும். 1974இல் கேரி கில்டால் என்னும் அமெரிக்க அறிஞர் ஆக்கிய ‘சீ.பீ.எம்.’ என்ற பணிசெயல் முறைமை, இன்று ஆர்வலர் வீட்டிலேயே ஈயம் பற்றவைத்துப் பூட்டும் ‘ஆர்.சீ.2014’ என்னும் சிறு கணினியில் இயங்குகின்றது. எங்ஙனம்? விசைப்பலகை, தட்டு முதலிய கருவிகளோடு உறவாடும் பகுதியைக் கில்டால் தனியே வகுத்திருந்தார். அதனை மட்டும் புதிதாய் எழுதினாற் போதும். நெகிழ்தட்டின் இடத்தில் இப்போதிருப்பது தீப்பெட்டியினும் மெல்லிய நினைவட்டை. பழைய நிரலோ அதைத் தட்டென்றே நம்பித் தொழிற்படுகின்றது!

ஆயினும், அக்கணினியின் இசட்-80 சில்லுக்குப் புதிய கட்டளை ஏற்பதைச் சைலாக் நிறுவனம் 2024இல் நிறுத்திவிட்டது. சில்லுக்கேனும் மாற்றுக் கிடைக்கும். நம் கரையின் ஈரக்காற்றில் நெகிழ்தட்டோ பூஞ்சை பிடிக்கும். வைத்திருப்போர் இவ்வாண்டே படியெடுத்துக்கொள்வது நன்று.