பார்ப்பது அறை, வாங்குவது எது?

வராக நதிக் கரையிலுள்ள ஜெயமங்கலத்தின் வயல்களில் நின்று வடக்கே நோக்கினால் கொடைக்கானல் மலை எதிரே நிற்கிறது. மேற்கே போடிமெட்டு ஏறினால் மூணாறு. தென்மேற்கே கம்பம் கடந்து குமுளி ஏறினால் தேக்கடி. நாடெங்கிலுமிருந்து மக்கள் பொருட்செலவு செய்து வந்து காணும் மூன்று மலைவாசஸ்தலங்களுக்கு நடுவே நம் அங்கத்தினர்கள் வாழ்கிறார்கள். ஆயினும், அம்மலைகளில் குடும்பத்தோடு ஒரு வாரம் தங்கி இளைப்பாறி வந்தவர்கள் நம்முள் மிகச் சிலரே. உழவனுக்கும் நெசவாளிக்கும் ஓய்வு எதற்கு என்று கேட்கும் காலம் போய்விட்டது. ஓய்வு வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. அந்த ஓய்வை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மொத்தமாக முன்கூட்டியே விலை கொடுத்து வாங்க வேண்டுமா என்பதே கேள்வி.

சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளிடமிருந்து இந்த யோசனை இப்போது கிராமங்களுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. சென்ற மாதம் சங்கத்தின் கணக்கைப் பார்வையிட ஜெயமங்கலம் சென்றிருந்தபோது, வாழை பயிரிடும் அங்கத்தினர் ஒருவர் மூன்று வண்ணப் புத்தகங்களை நம் முன் வைத்தார். மூன்று மலைகளிலும் மூன்று விடுதிகளை மகனோடு நேரிலேயே சுற்றிப் பார்த்துவிட்டதாகவும், எதில் வாங்கலாம் என்று நாம் சொல்ல வேண்டும் என்றும் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு வாங்காமல் நேரில் சென்று பார்த்தது நல்ல காரியம். ஆனால் அவர் பார்த்து வந்தவை மெத்தை, குளியலறை, நீச்சல் குளம், சன்னலுக்கு வெளியே தெரியும் பள்ளத்தாக்கு ஆகியவையே. அவற்றுள் ஒன்றையேனும் அவர் வாங்கப் போவதில்லை என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

இந்த வியாபாரத்துக்கு 'டைம்ஷேர்' என்று பெயர். ஒரே அறையை ஒருவருக்கு முழுமையாக விற்காமல், ஆண்டின் வாரங்களைப் பங்கிட்டுப் பலருக்கு விற்பது இதன் அடிப்படை. 1960-களில் ஐரோப்பாவில் தோன்றிய ஏற்பாடு இது. 1963-இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கப்பட்ட ஹாபிமாக் என்ற நிறுவனத்தில், விடுதிகளில் தங்குவோரே பங்குதாரர்கள். நம் நாட்டில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டெர்லிங் நிறுவனம் 1986-இல் இதைத் தொடங்கியது. கொடைக்கானல் அதன் தொடக்க கால இடங்களில் ஒன்று. பிறகு 1996-இல் மஹிந்திரா குழுமத்தின் விடுமுறை நிறுவனம் வந்தது. அதன் தொடக்க கால விடுதிகளில் ஒன்று மூணாற்றில் அமைந்தது. பெரும்பாலும் 25 ஆண்டு அங்கத்துவம். ஆண்டுக்கு ஏழு இரவுகள். அவற்றுக்கு மேல் வருடாந்தரப் பராமரிப்புச் சந்தா. இதுவே பொது அமைப்பு.

நிலம் வாங்கும் நம் விவசாயி பத்திரம், பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று என்று எத்தனை தஸ்தாவேஜுகளைக் கேட்கிறார்! 'கொடைக்கானலில் இடம் வாங்குகிறேன்' என்று சொல்லிக்கொண்டே விடுதி அங்கத்துவத்தில் கையெழுத்திடுகிறவரோ இவற்றுள் ஒன்றையும் கேட்பதில்லை. கேட்டாலும் கிடைக்காது. ஏனெனில், நம் நாட்டில் பெரும்பாலான ஒப்பந்தங்களில் விற்கப்படுவது தங்கும் உரிமையே; மண்ணிலும் கட்டடத்திலும் அவருக்கு யாதொரு பாத்தியதையும் இல்லை. வாங்கியவரின் கையில் இருப்பது, ஒரு நிறுவனம் 25 ஆண்டுகளுக்குக் கொடுத்த வாக்குறுதி. நிறுவனங்களின் ஆயுளும் கைமாற்றமும் நம் வசத்தில் இல்லை. முன்சொன்ன ஸ்டெர்லிங் நிறுவனமே, தொடங்கி முப்பது ஆண்டுகள் முடியுமுன், 2014-இல் தாமஸ் குக் இந்தியா நிறுவனத்தோடு இணைவதாக அறிவிக்கப்பட்டது. விடுதிகள் தொடர்ந்து நடக்கின்றன. குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. கால் நூற்றாண்டு என்பது ஒரு கம்பெனியின் வாழ்வில் எவ்வளவு நீண்டது என்பதைக் காட்டவே சொல்கிறோம். நீலக்குறிஞ்சியைக் கொண்டு அளந்தால் இன்னும் எளிது. 2018-இல் பூத்தது, இனி 2030-இலும் 2042-இலும் பூக்க வேண்டும். இன்று சேர்கிறவர் தம் அங்கத்துவம் முடிவதற்குள் இரண்டு பூப்பைக் காணலாம். அந்த ஆண்டுகளில் அறை கிடைக்குமா என்பது வேறு விஷயம்.

அறை கிடைக்குமா என்பதுதான் இந்த வியாபாரத்தின் உயிர்நிலை. சுற்றிப் பார்ப்பதால் அது தெரிவதில்லை. நாம் கிட்டங்கியைப் பார்வையிடும்போது சுவரின் வெள்ளையடிப்பைப் பார்ப்பதில்லை. இருப்புப் புத்தகத்தையும் இருக்கும் மூட்டைகளையும் ஒப்பிடுகிறோம். அதே முறையை இங்கும் கைக்கொள்ளலாம். உதாரணத்துக்கு, ஒரு விடுதியில் 50 அறைகள் என்று கொள்வோம். பள்ளி விடுமுறையும் பண்டிகைகளும் சேர்ந்து எல்லோரும் விரும்பும் வாரங்கள் ஆண்டுக்கு எட்டு எனில், அந்த விடுதி அவ்வாரங்களில் 400 குடும்பங்களுக்கு மேல் இடந்தர இயலாது. அங்கத்தினர்கள் 400 பேரா, 4,000 பேரா? பல ஊர்களில் விடுதிகள் உள்ள நிறுவனமாயின், எல்லா ஊர் அறைகளையும் எல்லா அங்கத்தினரையும் சேர்த்து இக்கணக்கைப் போட வேண்டும். விடுதியைச் சுற்றிக் காட்டும் சிப்பந்தியிடம் இந்த ஒரு கேள்வியை எழுத்து மூலம் கேளுங்கள். பதில் வந்தால் அதுவே நல்ல அடையாளம்.

பருவங்களுக்கு நிறம் இட்டிருப்பதையும் கவனிக்க வேண்டும். ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம் என்று வகுத்து, உச்ச பருவத்துக்கு மிகுந்த விலையும் மழைப் பருவத்துக்குக் குறைந்த விலையும் வைக்கிறார்கள். குறைந்த விலையில் நீலம் வாங்கியவர் மே மாதத்தில் போக எண்ணினால் இடமில்லை. நம் தொழிலோடு இதைப் பொருத்திப் பாருங்கள். சக்கம்பட்டியிலும் டி.சுப்புலாபுரத்திலும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னால் நெசவாளர் தறியை விட்டு எழ முடியாது. கம்பம், சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டக்காரர் கவாத்து முதல் அறுவடை வரை தோட்டத்தை விட்டுப் பெயர முடியாது. அவர்களுக்கு ஓய்வு எப்போது வரும் என்பதை மழையும் சந்தையும் தீர்மானிக்கின்றன. மாதக் கணக்கில் முன்பதிவு செய்துவைக்கும் வாழ்க்கை அவர்களுடையதன்று. ஓய்வு கிடைக்கும் ஈர மாதங்களிலோ மலையில் விடுதிகள் காலியாகக் கிடக்கின்றன, வாடகையும் இறங்கியிருக்கிறது. அந்த மாதங்களில் அறை பெறுவதற்கு அங்கத்துவம் எதற்கு?

இனிப் பணக் கணக்கு. அங்கத்துவ விலை 4,00,000 ரூபாய், ஆண்டுச் சந்தா 20,000 ரூபாய் என்று உத்தேசமாக வைத்துக்கொள்வோம். விற்க வருகிறவர், 4,00,000-ஐ 175 இரவுகளால் வகுத்து, 'ஓர் இரவுக்கு 2,286 ரூபாய்தான்' என்பார். இந்தக் கணக்கில் இரண்டு ஓட்டைகள் உள்ளன. அதே தொகையை 7 சத வட்டிக்குப் போட்டு, அசலும் வட்டியுமாக 25 ஆண்டுகளில் சமமாக எடுத்து வந்தால், ஆண்டுக்குச் சுமார் 34,000 ரூபாய் கைக்கு வரும். அதை இழக்கிறோம். அதனோடு சந்தாவைச் சேர்த்தால் 54,000. ஏழு இரவுகளால் வகுத்தால் ஓர் இரவுக்கு 7,700 ரூபாய்க்கு மேல். சாப்பாடு வேறு, பிரயாணம் வேறு, வரி வேறு. சந்தா ஆண்டுக்கு 6 சதம் உயர்ந்தால், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துச் சுமார் 40,000 ஆகும். இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்துச் சுமார் 80,000 ஆகும். அதே நாட்களில் அதே தரமுள்ள அறைக்கு என்ன வாடகை என்று கேட்டு, இரண்டையும் அருகருகே எழுதிப் பாருங்கள். கடன் வாங்கி மாதத் தவணையில் சேர்கிறவர் அக்கடனின் வட்டியையும் கூட்டிக்கொள்ள வேண்டும். போகாத ஆண்டிலும் சந்தா உண்டு என்பதை மறக்கலாகாது. கதிர் அறுக்காத வயலுக்குக் குத்தகை கட்டுவது போன்றது அது.

சிலருக்கு இது பொருந்தும் என்பதை மறுப்பதற்கில்லை. சம்பளத்தோடு நிச்சயமான விடுப்பு உள்ளவர், ஆண்டுதோறும் தவறாமல் குடும்பத்தோடு புறப்படுகிறவர், பல மாதங்களுக்கு முன்பே நாளைக் குறித்துவைக்கக் கூடியவர், மீதமுள்ள பணத்தில் வாங்குகிறவர் ஆகியோர் பயனடையலாம்.

அத்தகையவரும் பார்க்கச் செல்லும் முறையை மாற்றிக்கொள்ள வேண்டும். மதுரையில் ஒரு பெரிய ஓட்டலுக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்து வரவேண்டும் என்று அழைத்து, விருந்தும் பரிசும் தந்து, இரண்டு மணி நேரம் பேசி, 'இன்றே கையெழுத்திட்டால் இவ்வளவு தள்ளுபடி' என்று முடிப்பது இத்துறையில் பழகிப்போன வழக்கம். நாளைக்கு இல்லாத தள்ளுபடி இன்றைக்கு ஏன் இருக்கிறது என்று கேட்பவர் அங்கே இல்லை. விற்பவரின் விருந்தாளியாகப் போகிறவர் காண்பது விற்பவர் காட்டுவதையே. முன்னறிவிப்புக் கொடுத்துச் செய்யும் தணிக்கையில் கணக்கு எப்போதும் சரியாகவே இருக்கும் என்பது எம் போன்ற இன்ஸ்பெக்டர்களுக்கு நன்கு தெரியும்! ஆகவே, சொந்தப் பணத்தில், சாதாரண வாடகையாளராக, ஒரு முறை மே மாதத்திலும் ஒரு முறை மழையிலும் தங்கிப் பாருங்கள். உணவுக் கூடத்தில் பக்கத்து மேஜைக்காரர் அங்கத்தினராயின், அவர் விரும்பிய தேதி கிடைத்ததா, இவ்வாண்டுச் சந்தா எவ்வளவு, முதலாண்டுச் சந்தா எவ்வளவு என்று விசாரியுங்கள். அந்த அரைமணிப் பேச்சு வண்ணப் புத்தகத்தைவிட மதிப்புள்ளது. கொடைக்கானலைப் பொறுத்தவரை மற்றொன்றும் உண்டு. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதம் முதல் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்தது. 2025 கோடையில் வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. மலை தாங்க வேண்டுமே! 25 ஆண்டுகளுக்கு அறை வாங்குகிறவர் இந்தப் போக்கையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. 'தங்காவிட்டாலும் பரவாயில்லை, சில ஆண்டுகளில் பணம் பெருகித் திரும்பி வரும்' என்று யாராவது சொன்னால் அது விடுமுறை வியாபாரமே அன்று. மும்பையைச் சேர்ந்த பான்கார்டு கிளப்ஸ் என்ற நிறுவனம் விடுதி இரவுகளின் பெயரால் இவ்வாறு பணம் திரட்டியது. அனுமதியற்ற கூட்டு முதலீட்டுத் திட்டம் அது என்று தீர்மானித்த செபி, 2016-இல் பணத்தைத் திருப்பித் தர உத்தரவிட்டது. அப்போது கண்ட தொகை 7,000 கோடி ரூபாய்க்கு மேல்; பணம் போட்டவர்கள் ஐம்பது லட்சம் பேருக்கு மேல்.

இத்திட்டங்களில் சேர்கிறவரையும் 'அங்கத்தினர்' என்றே அழைக்கிறார்கள். அந்தச் சொல் எமக்கு உறுத்துகிறது. கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்தினருக்கு ஒரு வாக்கு உண்டு; பேரவையில் எழுந்து வரவு செலவைக் கேட்கும் உரிமை உண்டு. விடுதி அங்கத்தினர் சந்தா உயர்வை அஞ்சலில் அறிந்துகொள்கிறார். பெயர் ஒன்றே தவிர, நிலை ஒன்றன்று. உண்மையான கூட்டுறவு ஓய்வுக்கும் வழி காட்டியிருக்கிறது. இங்கிலாந்தில் பருத்தி நெசவுக்குப் பேர்போன கோல்ன் நகரில் லெனார்டு என்ற பாதிரியார், 1891-இல் இளம் தொழிலாளர்களைச் சொற்பச் செலவில் ஏரி மாவட்ட மலைகளுக்கு அழைத்துச் சென்றார். அதிலிருந்தே கூட்டுறவு விடுமுறைச் சங்கம் பிறந்தது. நம் சங்கங்கள் விடுதி கட்டப் புறப்பட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அது வேண்டாத வேலை. மாதம் 500 ரூபாய் சேமித்தால் ஆண்டில் 6,000. பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் 60,000. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதி கொடைக்கானலிலேயே இருக்கிறது. பருவம் தாழ்ந்த ஒரு வாரத்தில் பேசி வைத்துக்கொள்ளலாம். அடுத்த ஆண்டு பிடிக்கவில்லையெனில் தேக்கடிக்குப் போகலாம்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐரோப்பிய ஒன்றியத்தில், இத்தகைய ஒப்பந்தத்திலிருந்து 14 நாட்களுக்குள் காரணம் கூறாமல் விலகலாம் என்றும், அதற்குள் முற்பணம் வாங்கலாகாது என்றும் 2008-ஆம் ஆண்டு விதி உள்ளது. நம் நாட்டில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. ஒப்பந்தத்தில் உள்ள விலகல் ஷரத்தே துணை. ஆகவே, அந்தப் பக்கத்தை இன்றே தேடிப் படியுங்கள். நாள் கடந்திராவிட்டால் எழுத்து மூலம் அறிவித்து, அனுப்பியதற்கு ரசீது வைத்துக்கொள்ளுங்கள். கேட்ட தேதிகளையும் மறுத்த பதில்களையும் நாள்வாரியாகக் குறித்து வாருங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனத்தின் அலுவலகம் எங்கிருந்தாலும், தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். சென்னைக்கோ மும்பைக்கோ அலைய வேண்டியதில்லை. தேனி மாவட்ட ஆணையத்திலேயே மனுக் கொடுக்கலாம். அதற்கு முன் விவரம் கேட்க விரும்புவோர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குத் தொலைபேசியில் பேசலாம்.